நல்லா இருக்கிறவளுக்கு ஒரு கட்டில்

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்.”

ஆஸ்பத்திரிக்கு வந்து, இப்படிச் சொல்லிக்கொண்டே கட்டில் கேட்ட ஒரே மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன். சாதாரணத் தலைவலிக்கு வந்தவர்கள்கூட எங்கள் ஜன்னல் முன்னால் நின்றால் இன்றோடு கதை முடிந்தது என்கிற மாதிரிதான் பேசுவார்கள். இவளோ நிமிர்ந்து நின்று, சண்டைக்கு வந்தவள் போல, நல்லா இருக்கேன் என்கிறாள்.

கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு தலையணை, ஒரு பிளாஸ்க், மடித்து வைத்த கைலி. வெளியே ஈப்போ மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய சிலிப்பரிலிருந்து வடிந்த தண்ணீர் தரையில் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஈரத் துணி வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன.

பெயர் அஞ்சலை. நாற்பதைத் தாண்டியவள். சிலிம் ரிவர் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்துக்காரி. ரப்பர் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலம் ஆகியும் லயத்து வீட்டை விட்டு நகராத சில குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. அவளுடைய அக்கா பாக்கியம் மேல்மாடி வார்டில் படுத்திருந்தாள். அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில் தனக்கு வேண்டும் என்று கேட்டாள் அஞ்சலை. டாக்டர் சரி என்று சொல்லிவிட்டாராம். கவுண்டரில்தான் முடியாது என்றார்களாம். “ரெக்கார்டு ஆபீஸ்ல ரோஸி அக்கா இருப்பாங்க, அவங்களப் போய்ப் பாருங்க” என்று கைகாட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

ரோஸி அக்கா என்பது நான்தான். ஆனால் அந்த நாற்காலிக்கு நான் அப்போது புதுசு. அது அவளுக்குத் தெரியாது, பாவம்.

காலியாக விட முடியாத கட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில், கவுண்டர் வேலையை விட்டுவிட்டு நோய்களுக்குக் குறியீடு போடும் வேலைக்கு மாறினேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். சிலிபின் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு வாசகி என் கீரைக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “அது என்னா வேலைக்கா? டாக்டர் வேலையா?” என்று கேட்டார். கீரை வாடும்வரை விளக்கினேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. இங்கே இன்னொரு தரம் முயன்று பார்க்கிறேன்.

நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய பைல் எங்கள் அறைக்கு வரும். டாக்டர் எழுதியதை வாசித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை நாங்கள் போடுவோம். ஒரு ஆங்கில எழுத்து, பிறகு சில இலக்கங்கள், அவ்வளவுதான். அந்த எண்கள் உலகத்துக்கே பொது. காம்பாரில் ஒருவருக்கு வந்த நிமோனியாவும், எங்கோ பனி பெய்கிற ஊரில் ஒருவருக்கு வந்த நிமோனியாவும் ஒரே எண்ணில் போய்ச் சேரும். எந்த ஊரில் எந்த நோய் கூடுகிறது, எங்கே மருந்து அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அதை வைத்துத்தான் தெரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்க்கும்போதே கணினி ஒரு எண்ணைக் கேட்கும். என்ன நோய்க்காகச் சேர்க்கிறீர்கள் என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. அடுத்த பக்கம் திறக்காவிட்டால் கட்டில் கிடையாது, கையில் கட்டுகிற பட்டை கிடையாது. பட்டை இல்லாதவரைப் பார்வை நேரம் முடிந்ததும் காவலாளி வெளியே அனுப்பிவிடுவார்.

நோயே இல்லாத அஞ்சலை அந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் காலைத் தேடிய கதை

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் மிஸ் லாவ். என்னைவிட எவ்வளவோ சின்னவர். குளிர் தாங்காமல் எப்போதும் ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். என்னோடு சேர்ந்து படித்தவன் சபூர். அவன் குடும்பத்துக்கு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடையில் நிற்கப் பிடிக்காமல் இந்தப் பக்கம் ஓடி வந்தவன். பகல் சாப்பாட்டுக்கு அவன் பொட்டலத்தைப் பிரித்தால் மிஸ் லாவ் உட்பட மூன்று பேரும் பாடத்தை மறந்துவிடுவோம்.

முதல் வாரம் எனக்கு ஒரு கால் முறிவு வந்தது. அதாவது ஒரு பைலில் வந்தது. இரண்டு தலையணை கனமுள்ள அகராதிப் புத்தகத்தைத் திறந்து, எல் எழுத்துக்குப் போய், ‘லெக்’ என்று தேடினேன். லெக் இருந்தது. ஆனால் அதற்கு நேரே எண் இல்லை. ‘சீ கண்டிஷன்’ என்று மட்டும் இருந்தது. என்ன நேர்ந்தது என்று பார் என்கிறது. சரி, என் கண்தான் சரியில்லை என்று நினைத்து ‘ஃபுட்’ தேடினேன். அங்கேயும் அதே பதில். பக்கத்தில் சபூர் ‘ஹார்ட்’ என்று தேடி அதே பதிலைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, இந்தப் புஸ்தகம் நம்மள ஏமாத்துதுலா” என்றான்.

மிஸ் லாவ் சிரித்தே விட்டார். “ஜாங்கான் சாரி கக்கி, காக்” என்றார் மலாயில். காலைத் தேடாதீர்கள் அக்கா, காலுக்கு என்ன நேர்ந்ததோ அதைத் தேடுங்கள். முறிவா, முறிவில் தேடு. புண்ணா, புண்ணில் தேடு. எந்த இடம் என்பது அதற்குக் கீழே தானாக வரும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெஸ்ஸர் தலையைத் தூக்காமல் “எங்க?” என்றுதான் கேட்பார். நாங்கள் விரலால் காட்டுவோம். வயிற்றைக் காட்டினால் வெள்ளைத் தண்ணீர், தலையைக் காட்டினால் மாத்திரை. எங்கே என்று காட்டியே வளர்ந்த ஜனம் நாங்கள். என்ன என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் மிஸ் லாவ் மண்டையில் ஏற்றினார். அகராதியில் கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவிடக் கூடாது. எண்கள் வரிசையாக இருக்கிற இன்னொரு புத்தகத்தைத் திறந்து, அந்த எண்ணுக்குக் கீழே என்ன சேரும், என்ன சேராது என்று வாசித்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். டாக்டர் எழுதாததை எழுதக் கூடாது. அவர் எழுதியதைக் குறைக்கவும் கூடாது. ரத்தம் கசிகிற புண்ணுக்கு ஒரு எண், கசியாத புண்ணுக்கு வேறு எண். டாக்டர் கேள்விக்குறி போட்டிருந்தால் நாமே பதில் சொல்லாமல் அவரிடமே போய்க் கேட்க வேண்டும். “ஜாங்கான் தெக்கா” என்பார். ஊகிக்காதே என்று அர்த்தம். எந்நேரமும் அதையே சொல்வார். எனக்கு எரிச்சலாகக்கூட வரும்.

அப்பாவின் பூரான்

அந்தப் புத்தகத்தின் மேல் எனக்குப் பக்தி வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

அடிபட்டு வந்தவர்களுக்கு அடியின் எண் மட்டும் போதாது. எப்படிப் பட்டது, எந்த இடத்தில் பட்டது என்பதற்கும் எண் போட வேண்டும். அந்தப் பகுதியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மரத்திலிருந்து விழுந்தவருக்கு ஒரு எண். கட்டிலிலிருந்து விழுந்தவருக்கு வேறொன்று. குளவி, தேனீ கொட்டியதற்கு ஒன்று. அதற்கு அடுத்த வரியைப் பார்த்தேன். பூரான்! வெப்பநாட்டுப் பூரான் என்றே போட்டிருந்தது. அது வயல், பண்ணை மாதிரி இடத்தில் நடந்திருந்தால் கடைசியில் சேர்க்க இன்னொரு இலக்கம்.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு போய் மரத்தடியில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் தொட்டபோது அதற்குள் இருந்த பூரான் விரலில் போட்டுவிட்டது. வீங்கிய கையோடு அன்றைக்கு முழு வெட்டும் வெட்டி, பாலையும் நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சுண்ணாம்பு தடவினார், படுத்தார். அந்த வலியை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் அவரைப் பார்த்தே இராத யாரோ, எங்கோ ஒரு ஊரில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு மனிதனுக்கு இப்படியும் நடக்கலாம் என்று யோசித்து அதற்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது. ஏசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சபூர் பயந்துபோய், “என்னாச்சுக்கா?” என்றான். “எங்கப்பா இருக்காருடா இதுல” என்றேன்.

பாக்கியத்தின் கை

ஜன்னலுக்குத் திரும்புகிறேன். அஞ்சலையை உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலியைப் போட்டேன். பசியாறினாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. சபூர் தன் கோப்பியை அவள் பக்கம் தள்ளினான்.

பாக்கியத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிற சைகை மொழியும் தெரியாது. அக்காவும் தங்கையும் சின்னதிலிருந்து தாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் அவளுக்கு மொழி. உலகத்திலேயே இரண்டே பேர் பேசுகிற மொழி! நெற்றியில் விரலை வைத்தால் விடியற்காலை, தலைவிளக்கு கட்டுகிற நேரம். முழங்கையில் சாய்வாக ஒரு கோடு இழுத்து, கீழே உள்ளங்கையைக் குழித்துப் பிடித்தால் ஏதோ வடிகிறது என்று அர்த்தம். பால் வடிவதும் அதுதான், மழை ஒழுகுவதும் அதுதான்.

பாக்கியம் மயங்கி விழுந்து, சிலிம் ரிவரிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பப்பட்டாள். ஆம்புலன்ஸோடு வந்த அஞ்சலையைப் பார்வை நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் பாக்கியம் கையில் சாய்வாகக் கோடு இழுத்துக் காட்டியிருக்கிறாள். கை வலி என்று எழுதிக்கொண்டார்கள். நடுநடுவே ஆஸ்பத்திரிக் கவுனின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி இழுத்திருக்கிறாள். மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், கவுனை மாற்றிப் பார்த்தார்களாம். அப்படியும் விடவில்லை.

காலையில் அஞ்சலை வந்து பார்த்ததும் அலறியிருக்கிறாள். “கை வலி இல்ல மிஸ்ஸி! உள்ளுக்கு வடியுதுங்கிறா. ரத்தம் போவுதுங்கிறா.”

முட்டி வலிக்குக் கடையில் வாங்கி வாங்கி விழுங்கிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் புண்ணை அடைக்க வேண்டும். அதற்கு அன்று பகலே கொண்டுபோனார்கள். அந்த அறைக்குள் அஞ்சலையை விடவில்லை. பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டாள், ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்தாள். முழு மயக்கம் கொடுக்கவும் முடியாது, ரத்தம் அவ்வளவு இறங்கியிருந்தது. மறுநாள் காலை இன்னொரு தரம் முயல வேண்டும், அதுவரை தங்கை பக்கத்திலேயே இருந்து ஆளை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“இனிமே போவ அவளுக்கு ரத்தம் இல்லக்கா” என்றாள் அஞ்சலை. பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சபூரின் யோசனை

மிஸ் லாவ் அன்று வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். போன் எடுக்கவில்லை. வார்டு டாக்டருக்கு அடித்தேன். நல்ல பையன், ஆனால் தலைக்கு மேல் வேலை. “அக்கா, ஏதாவது ஒண்ணு போட்டு ஆளை உள்ள அனுப்புங்கக்கா, பிளீஸ்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

“உடம்பு வலின்னு போட்டுடுலா அக்கா” என்றான் சபூர். “யாருக்குத்தான் உடம்பு வலி இல்ல? எனக்கே இருக்கு.”

உண்மையைச் சொன்னால், அவன் சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை. ஒரு உயிர் மேலே ஊசலாடுகிறது, கீழே நான் ஒரு கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலிக்கான எண்ணைக்கூடத் தட்ட ஆரம்பித்துவிட்டேன்.

அஞ்சலை எழுந்து வந்து என் கையைப் பிடித்துவிட்டாள். “வேணாம்க்கா. எனக்கு வலின்னு எழுதுனீங்கன்னா மிஸ்ஸி வந்து எனக்கு மாத்திரை குடுப்பாங்க, கையைப் புடிச்சுப் பார்ப்பாங்க. பாக்கியம் பாத்துக்கிட்டே இருப்பா. எனக்கு முடியலன்னு தெரிஞ்சா அவ படுத்திருக்க மாட்டா. எல்லாத்தையும் புடுங்கிட்டு எழும்பி வந்து என்னைய உக்கார வச்சிருவா. எங்கம்மா பால் வெட்டுக்குப் போனப்பல்லாம் அவதான் என்னைய வளர்த்தா. எனக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதுங்கக்கா. நான் நல்லா இருக்கேன்னே எழுதுங்க.”

“நோயில்லன்னா எப்படிம்மா எழுதறது? இது நோய்ப் புஸ்தகம்” என்றேன் கோபத்தோடு. கோபம் அவள் மேல் இல்லை.

எச் எழுத்து

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். காலைத் தேடாதே, காலுக்கு என்ன நேர்ந்ததோ அதைத் தேடு. சரி, இந்த மனுஷிக்கு என்ன நேர்ந்திருக்கிறது? ஒன்றும் நேரவில்லை. நல்லா இருக்கிறாள். வந்ததிலிருந்து அதைத்தானே தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்!

அகராதியை இழுத்தேன். எச் எழுத்து. ‘ஹெல்த்தி’ என்று ஒரு சொல் நோய்ப் புத்தகத்தில் இருக்குமா? சபூர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். பழைய தாளின் வாசனை. விரல் வரிவரியாக இறங்கியது.

இருந்தது. அதற்குக் கீழே இன்னும் உள்ளே தள்ளி ஒரு வரி, அதன் பக்கத்தில் ஒரு எண். மிஸ் லாவ் சொன்னபடி அதை நம்பாமல் எண் புத்தகத்தைத் திறந்தேன். கடைசிப் பகுதிகளில் ஒன்று, இசட் எழுத்து. எழுபத்தாறு புள்ளி மூன்று. வாசித்தேன். சத்தமாக இன்னொரு தரம் வாசித்தேன். பிறகு அஞ்சலைக்காகத் தமிழில் சொன்னேன்.

“நோயாளியோடு கூட வந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்.”

“யா அல்லா” என்றான் சபூர். “கூட வந்தவங்களுக்குமா?”

உலகத்தில் இருக்கிற அத்தனை புற்றும் காய்ச்சலும் முறிவும் எழுதி முடித்த பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பவளையும் யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவளையும் விட்டுவிடாதே என்று ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பாவின் பூரானைப் பார்த்தபோதுகூட நான் இப்படி ஆடிப்போகவில்லை.

டாக்டர் எழுதாமல் நாங்கள் போட முடியாது. மேலே ஓடினேன். அவர் வாசித்துவிட்டு, “அலாமாக், இப்படி ஒண்ணு இருக்கா?” என்று சிரித்து, அதே வார்த்தைகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே வந்து எண்ணைத் தட்டினேன். அடுத்த பக்கம் திறந்தது.

பட்டையைக் கட்டிக்கொண்டு அஞ்சலை வார்டுக்குள் நுழைந்தபோது நானும் பின்னாலேயே போனேன். பாக்கியம் முதலில் பார்த்தது அந்தப் பட்டையைத்தான். முகம் வெளுத்து, தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். அஞ்சலை தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, கையை விரித்துச் சிரித்தாள். எனக்கு ஒண்ணுமில்ல என்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. பாக்கியம் வெகுநேரம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தலையணையில் சாய்ந்தாள்.

மறுநாள் காலை குழாய் இறங்கியது. இந்தத் தரம் அஞ்சலையையும் உள்ளே விட்டார்கள்; அவள் கை பாக்கியத்தின் கண்ணுக்கு நேராகவே இருந்ததாம். புண் அடைபட்டது.

இரண்டு பைல்கள்

அவர்கள் வீட்டுக்குப் போகிற அன்று இரண்டு பைல்களும் என் மேசைக்கு வந்தன. அஞ்சலையுடையது மெல்லியது. ஒரே ஒரு எண். பாக்கியத்துடையது தடிமன். ரத்தம் கசிந்த வயிற்றுப் புண்தான் முதன்மை நோய், ஏனென்றால் அதற்காகத்தான் அவள் படுத்திருந்தாள். பிறகு மாத்திரையால் வந்தது என்பதற்கு ஒன்று, காது கேளாமைக்கு ஒன்று. கடைசியில், முதல் இரவு டாக்டர் எழுதிய ஒரு வரி: அமைதியின்மை, கவுனை ஓயாமல் பிடித்து இழுக்கிறார். அமைதியின்மைக்கும் எண் உண்டு. அதையும் எழுதிவிட்டு, விடை கொடுக்க மேலே போனேன்.

அஞ்சலை பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். “என் பேருக்கு என்னக்கா போட்டீங்க? அன்னைக்குச் சொன்னீங்க, பதட்டத்துல மறந்துட்டேன். இவ கேட்டுக்கிட்டே இருக்கா” என்றாள்.

சொன்னேன். அவள் அக்கா பக்கம் திரும்பினாள். நெஞ்சைத் தட்டினாள். பிறகு தன் கைலியின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து லேசாக இழுத்தாள். பாக்கியத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் பாவாடை ஓரத்தைக் கிள்ளி அவளும் அதையே திருப்பிக் காட்டினாள்.

“அது என்னா அது?” என்று கேட்டேன்.

அஞ்சலைக்கு வெட்கம். “என் பேருக்கா. சின்னதுல இவ பாவாடையைப் புடிச்சிக்கிட்டேதான் சுத்துவேன். அதனால என்னைய இப்படித்தான் கூப்புடுவா. கூட வந்திருக்கிற ஆளுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்குன்னீங்கல்ல? அதுக்கு எங்ககிட்ட வேற கைப்பேச்சு கிடையாது.”

நான் அப்படியே அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த முதல் இரவு, கவுனை மாற்றி மாற்றிப் பார்த்தும் விடாமல் பாக்கியம் இழுத்துக்கொண்டிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. விடியும்வரை தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

பைலைத் தூக்கிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போய் அந்த வரியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கீழே வந்து அந்த எண்ணை அழித்தேன். அது நோயில்லை.